காலரியைக் காலி செய்தது யார்?

பொன்மலை ஆர்மரி கேட் டீக்கடைகளில், பாலக்கரையில், ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில், கால்பந்து அபிமானிகள் கூடுகிற இடங்களிலெல்லாம் ஒரு வாதம் ஓயாமல் நடந்து வருகிறது. “டிக்கெட் விலையை ஏற்றினார்கள், கூட்டம் குறைந்தது. இதில் ஆராய்ச்சி எதற்கு?” என்கிறார்கள் ஒரு சாரார். “விலைக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டத்தில் சரக்கில்லை. கையிலே செல்போன் வந்துவிட்டது. சும்மா கொடுத்தாலும் ஜனங்கள் வரமாட்டார்கள்” என்கிறார்கள் இன்னொரு சாரார். இவர்களுக்கு நடுவே பெரிய மனிதர்கள் சிலர் மூன்றாவதாக ஒரு உபதேசம் செய்கிறார்கள்: “மலிவாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது. கண்டவனெல்லாம் உள்ளே வந்து ரகளை செய்வான். விலை இருந்தால்தான் தரமான ரசிகன் வருவான்.”

கூலி, நிலம், ரேஷன், வேலைநீக்கம் என்று ஆயிரம் பிரச்னைகள் தலைமேல் இருக்க, நம் பத்திரிகை பந்தைப் பற்றி எழுதலாமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் தனக்கு என்று கேட்டுத்தான் சிகாகோ தொழிலாளர்கள் போராடினார்கள். அவர்களுடைய தலைவர்கள் தூக்குமேடை ஏறினார்கள். ரத்தம் சிந்தி வாங்கிய அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் தொழிலாளி எங்கே போகிறான், போன இடத்தில் அவனிடம் எவ்வளவு பிடுங்குகிறார்கள் என்பது நம் பிரச்னை இல்லாமல் வேறு யாருடைய பிரச்னை?

ஆட்டம் யாருடையது?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் 1850ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், நூல் மில்களிலும் துணி மில்களிலும் பெண்களுக்கும் இளம் தொழிலாளருக்கும் சனிக்கிழமை பகல் 2 மணியோடு வேலையை நிறுத்தச் சொன்னது. அவர்கள் வெளியே போனபின் ஆண்களை மட்டும் வைத்து மில்லை ஓட்ட முடியுமா? ஆண்களுக்கும் நாளடைவில் அரைநாள் விடுமுறை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில்தான் கால்பந்தின் காலரி நிறைந்தது. அங்கே சனிக்கிழமை 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் வந்ததே மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான்.

அதற்கு முன்பு கோப்பையெல்லாம் சீமான் வீட்டுப் பிள்ளைகளிடம் இருந்தது. 1883ல் லண்டனில் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம். ஒரு பக்கம், ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்களின் அணியான ஓல்ட் இட்டோனியன்ஸ். மறுபக்கம், லங்காஷயர் மில் ஊரான பிளாக்பர்னிலிருந்து வந்த ஒலிம்பிக் அணி. நெசவாளிகளும் நூற்பாளிகளும் ஆடிய அணி. 2–1 என்று மில் தொழிலாளிகள் ஜெயித்தார்கள். அதன் பிறகு கனவான்களின் அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. லங்காஷயர் துணி நம் கைத்தறிக்காரன் வயிற்றில் அடித்தது என்பதை நாம் மறக்கவில்லை. அந்த லாபம் போனது மில் முதலாளிக்கு. அதே மில்லில் வதைபட்ட தொழிலாளி தனக்கென்று வளர்த்த ஆட்டம் உலகத்து ஏழைகளுக்கெல்லாம் சொந்தமாயிற்று.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1911 ஜூலை 29ம் நாள் கல்கத்தாவில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2–1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. தமிழ்நாட்டில் இன்று கால்பந்துக்குப் பெயர்பெற்ற வட்டாரம் எது? பின்னி மில்லை ஒட்டிய வடசென்னையின் வியாசர்பாடி. சென்னையின் எஃப்.சி. 2017–18ல் பட்டம் வென்றபோது நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் அந்த வியாசர்பாடிப் பையன். பின்னி மில் 1996ல் மூடிக் கிடந்தது. மில்லை நம்பிய குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அந்த வட்டாரத்துப் பையன்கள் பந்தை விடவில்லை.

நம் திருச்சிக்கு வருவோம். 1928ல் தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்போடு காலனி வந்தது. காலனியோடு மைதானம் வந்தது. அதே பொன்மலையில், சங்கத்திடலில், 1946 செப்டம்பர் 5ம் நாள் போலீஸ் சுட்டதில் 5 தோழர்கள் மாண்டார்கள். திடல் என்றால் என்ன, அதை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்த் தொழிலாளிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஆடியவனும் நாம், கூடி நின்று கைதட்டியவனும் நாம். இன்று வாசலில் நின்று காசு கேட்பவன் மட்டும் நம்மவன் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2025–26ம் வருஷத்துக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். (அந்தச் சட்டத்தையே 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் மாற்றிவிட்டார்கள், அது வேறு கொடுமை.) இந்த 336ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு பாருங்கள்.

2026 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு, நாட்டு அணிகளின் ரசிகர் சங்கங்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட்டுகளின் விலை 2025 டிசம்பரில் வெளிவந்தது. ஆகக் குறைந்த விலையே 4,185 டாலர். நம் பணத்தில் மூன்றரை லட்ச ரூபாய்க்கும் மேல். லால்குடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவருக்கு வருஷம் தவறாமல் நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு காசுகூடச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் சேர்த்தாலும், அந்த ஒரு டிக்கெட்டுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடிக்கும்! ஐரோப்பிய ரசிகர் சங்கங்கள் இதை மகத்தான துரோகம் என்று கண்டித்துக் கொதித்தெழுந்தன. சில நாளில் 60 டாலர் டிக்கெட் என்று கொஞ்சம் எடுத்து நீட்டியது ஃபிஃபா. கூச்சல் போடாதிருந்தால் அதுவும் கிடையாது.

அமெரிக்கா கிடக்கட்டும். நம் சர்க்காரின் வரிக் கணக்கைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற விளையாட்டுப் போட்டியின் டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அதாவது, டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்கள் கண்ணுக்கு 500 ரூபாய் டிக்கெட் ஏழையின் டிக்கெட்! ஒரு முழுநாள் கூலியைக் கொடுத்தாலும் வாங்க முடியாத டிக்கெட் எந்த ஏழைக்கு?

டிக்கெட்டோடு செலவு முடிந்ததா? திருச்சியிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் 300 கிலோமீட்டருக்கு மேல். ஐ.எஸ்.எல். ஆட்டம் பலநாள் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும், முடிய 9.30 ஆகும். துவாக்குடி ஆலைத் தொழிலாளி அதற்குப் பிறகு ரயிலோ பஸ்ஸோ பிடித்து, காலை ஷிப்டுக்கு எப்படிப் போவான்? போனால் தூக்கம் போகும். போகாவிட்டால் கூலி போகும். டிக்கெட், ரயில் கட்டணம், ஓட்டல் சாப்பாடு, ஒரு நாள் கூலி, எல்லாம் சேர்ந்ததுதான் அவனுக்கு ஆட்டத்தின் விலை. சீட்டில் அச்சடித்த விலையை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து வாதாடுகிறார்கள். நாம் நம் சட்டைப் பையைப் பார்த்துப் பேசுவோம்.

“சும்மா கொடுத்தாலும் வரமாட்டார்கள்” — உண்மையா?

இனி இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு வருவோம். ஆட்டத்தில் சரக்கில்லை, செல்போன் வந்துவிட்டது, அதனால் கூட்டமில்லை என்கிறார்களே, அவர்களுக்கு ஒரு உதாரணம்.

2018 ஜூன் 1ம் நாள் பம்பாயில் இந்திய அணி சீன தைபே அணியை 5–0 என்று வென்றது. தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஜனங்களைப் பார்த்து நேராகப் பேசினார்: எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்ற பொருளில் மன்றாடினார். ஜூன் 4ம் நாள், அதே ஊர், அதே மைதானம், கென்யாவோடு ஆட்டம். அரங்கம் நிரம்பிவிட்டது!

மூன்றே நாளில் ஆட்டத்தின் தரம் உயர்ந்துவிட்டதா? மூன்றே நாளில் ஜனங்கள் செல்போனை எறிந்துவிட்டார்களா? ஒன்றும் இல்லை. ஆடுகிறவன் பார்க்கிறவனை மனிதனாக மதித்து, இது உன் ஆட்டம், நீ இல்லாமல் நடக்காது என்று கூப்பிட்டான். ஜனங்கள் வந்தார்கள்.

இன்னொரு உதாரணம், நம் அண்டை மாநிலத்திலிருந்து. 2022 மே 2ம் நாள் மலப்புறம் மஞ்சேரியில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம், கேரளமும் வங்காளமும். ரமலான் நோன்பு மாதத்தின் முடிவு. இரவு 8 மணிக்கு ஆட்டம். நோன்பு திறந்துவிட்டு வந்த கூட்டம் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல்! சினிமா நட்சத்திரம் உண்டா? வெளிநாட்டு வீரன் உண்டா? இல்லை. மாநிலத்துப் பையன்கள் ஆடினார்கள்; பெனால்டியில் கேரளம் ஜெயித்தது. மலபாரில் வயற்காட்டு மைதானங்களில் எழுவர் ஆட்டம் நடந்தால் மூங்கில் காலரி கட்டி இரவெல்லாம் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் செல்போன் இல்லையா?

விலையும், நேரமும், தூரமும் ஜனங்களுக்கு இசைந்து, ஆடுகிறவன் தங்கள் பிள்ளை என்ற எண்ணமும் இருந்தால் காலரி நிரம்புகிறது. இவற்றில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் காலரி ஒவ்வொரு வரிசையாகக் காலியாகிறது. ஆகவே, விலைதான் காரணம் என்கிறவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். விலை காரணமே இல்லை என்கிறவர்கள் அந்தப் பாதியையும் மறைக்கிறார்கள்.

இரண்டு அரங்கங்கள்

மூன்றாவது உபதேசிகளை மறந்துவிட வேண்டாம். விலை இருந்தால்தான் தரமான ரசிகன் வருவானாம்!

2025 டிசம்பர் 13ம் நாள் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு மெஸ்ஸி வந்தார். ஆட்டம்கூட இல்லை, முகத்தைக் காட்டுவதற்கு மட்டும். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். நடந்தது என்ன? மந்திரியும் பிரமுகர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் மெஸ்ஸியைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். காசு கொடுத்தவன் கண்ணுக்கு அவர் தலைகூடச் சரியாகத் தெரியவில்லை. இருபது நிமிஷம் போல இருந்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் பெயர்ந்தன. ஏற்பாட்டாளர் கைதானார். மாநில விளையாட்டு மந்திரி அரூப் பிஸ்வாஸ் அந்த இலாகாவை விட்டு விலகினார்.

ரகளை எங்கே நடந்தது? ஏழை வருகிற மலிவு டிக்கெட் ஆட்டத்திலா? ஆயிரக்கணக்கில் பிடுங்கிய இடத்தில்தானே? மரியாதை டிக்கெட்டின் விலையால் வருவதில்லை. வந்தவனை நடத்துகிற விதத்தில் வருகிறது. கொள்ளையடிக்கப்பட்டவன் கோபப்படுவான்; அவன் பணக்காரனாக இருந்தாலும் கோபப்படுவான்.

நம் ஊரில் இரண்டு அரங்கங்கள் உண்டு. ஒன்று திருவரங்கம். மற்றொன்று விளையாட்டரங்கம். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரைப் பார்க்கக் கட்டண வரிசை ஒன்று, இலவச வரிசை ஒன்று. காசு கொடுத்தவன் சீக்கிரம் பார்க்கிறான். காசில்லாதவன் கால் கடுக்க நிற்கிறான். கடவுள் சந்நிதியிலேயே காசுக்குத் தக்க வரிசையா என்று பக்தர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் அங்கே, நின்று பார்க்க நேரமிருந்தால், காசில்லாதவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்தப் புதிய விளையாட்டரங்கத்தில் அந்த தர்ம தரிசனமும் கிடையாது! கோயிலில் பின்னால் நிறுத்தினார்கள். இங்கே வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

காலரி காலி, கல்லா காலியா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வியாபாரி சரக்கு விற்காவிட்டால் விலையைக் குறைப்பான். காலரி காலியாகிக்கொண்டே வரும்போது கால்பந்து வியாபாரி ஏன் பதறவில்லை?

அவனுடைய சரக்கு காலரியில் இல்லை. 2010ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், இந்த நாட்டுக் கால்பந்தின் வர்த்தக உரிமையை 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் கூட்டுக்கு எழுதிக் கொடுத்தது. 2014ல் ஐ.எஸ்.எல். பிறந்தது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் அணி முதலாளிகளானார்கள். முதல் இரண்டு சீசன்களில் ஆட்டத்துக்குச் சராசரி இருபதாயிரத்துக்கும் மேல் ஜனங்கள் வந்தார்கள். பிந்திய சீசன்களில் அந்தக் கூட்டம் நிற்கவில்லை. நட்சத்திர மயக்கம் கலைந்தது. ஊர் மண்ணில் வேர் பிடிக்கவில்லை.

முதலாளியின் கண் டி.வி. மீதும் விளம்பரத்தின் மீதும். கேட் வசூல் அவனுக்குச் சில்லறைக் காசு. காலரியில் உட்கார்ந்திருக்கும் மனிதன் அவனுக்கு டி.வி. படத்தின் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையை உட்கார வைக்க அந்தத் திரைச்சீலையிடமே காசு வாங்குகிறான் என்பதுதான் வேடிக்கை!

அந்த வியாபாரத்தின் முடிவையும் பார்த்தோம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததைக் காரணம் காட்டி 2025 ஜூலையில் சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர் எஃப்.சி. வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி. முதல் அணியின் வேலைகளை நிறுத்திவைத்தது. மில் தொழிலாளர் பாஷையில் இதற்குப் பெயர் என்ன? கதவடைப்பு! புதிய உரிமைக்கு ஏலம் கூப்பிட்டபோது 2025 நவம்பரில் ஒரு ஏலதாரரும் வரவில்லை. 2026 பிப்ரவரியில்தான், குறுக்கப்பட்ட அளவில், ஆட்டம் மறுபடி தொடங்கியது.

பதினைந்து வருஷம் ஒரு ஏகபோகத்தின் கையில் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது. லாபம் இருக்கும்வரை “என் லீக்” என்றான். லாபம் சந்தேகமானதும் கதவைப் பூட்டிக்கொண்டு போனான். நடுவில் நின்றவன் பந்தாட்டக்காரன். அவனும் கூலிக்காரன்தான், பெரிய நட்சத்திரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், கால் நன்றாக இருக்கும்வரை மட்டும் கூலி கிடைக்கிற கூலிக்காரன்.

டி.வி.க்கு விலைபோகாதவர்கள் கதி இன்னும் மோசம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. கிராமத்துக் கூலிக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு இதைவிட உற்சாகமான செய்தி உண்டா? ஆனால் நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு இந்தச் சேதி வந்து சேர்ந்தது?

வேலியில் இன்னும் சில கம்பிகள்

டிக்கெட் விலை வேலியின் ஒரு கம்பி. இன்னும் சில கம்பிகள் உண்டு.

ஒன்று, நேரம். 2023 ஏப்ரல் 21ம் நாள் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன, மே தினத்தன்று முதல் மந்திரி அதைக் கைவிடுவதாக அறிவிக்க நேர்ந்தது. அத்தோடு ஓய்ந்ததா? 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நாலு சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. 12 மணி நேரம் மெஷின்முன் நின்றவனுக்கு டிக்கெட்டைச் சும்மா கொடுத்தாலும் என்ன பயன்? வீட்டுக்கு வந்து பாயில் விழுவானே தவிர, பந்து பார்க்கப் போவானா? எட்டு மணி நேர வேலை உரிமையைக் காப்பதும் காலரியை நிரப்புவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகள்.

இன்னொன்று, மைதானம். 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில் ரயில் நிலையங்கள், ரயில்கள், சரக்குக் கூடங்களோடு 15 ரயில்வே ஸ்டேடியங்களையும் சேர்த்தார்கள். ரயில்வே தொழிலாளியின் பிள்ளை ஓடியாட இருந்த மண் காசாக வேண்டுமாம்! பொன்மலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று வேறு ஊர் மைதானம் என்று சும்மா இருந்தால், நாளை நம் ஊர் மைதானத்துக்கு அளவுகோலோடு ஆள் வருவான். பையன் பந்து உதைக்க இடமில்லாத ஊரில் பத்து வருஷம் கழித்து ரசிகன் எங்கிருந்து முளைப்பான்? விதைநெல்லைத் தின்றுவிட்டு, விளைச்சல் குறைந்துவிட்டது என்று அழுவதற்கு ஒப்பான காரியம் இது.

கூட்டாக எழுந்தவர்கள்

சரி, ரசிகனால் என்ன செய்ய முடியும்? தனியாக ஒன்றும் முடியாது. கூட்டாக முடியும்.

2016ல் இங்கிலாந்தில் லிவர்பூல் கிளப்பின் அமெரிக்க முதலாளிகள் ஆக உயர்ந்த டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று விலை வைக்கப் பார்த்தார்கள். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர் ஊர். சுரங்கத் தொழிலாளியாக இருந்து பயிற்சியாளராக உயர்ந்த பில் ஷாங்க்லியின் பெயரில் அங்கே ரசிகர்களுக்கு ஒரு சங்கமே உண்டு. பிப்ரவரி 6ம் நாள், சொந்த மைதானத்தில் சண்டர்லாந்து அணியோடு ஆட்டம். 77வது நிமிஷம். லிவர்பூல் 2–0 என்று முன்னால் நிற்கிறது. சுமார் பத்தாயிரம் ரசிகர்கள் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே நடந்தார்கள்! மீதி நேரத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டு ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று பிரிமியர் லீக் கிளப்புகள் முடிவு செய்தன.

அதே பிப்ரவரியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் ரசிகர்கள், வெளியூரில் அநியாய விலை வாங்கியதை எதிர்த்து மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். டார்ட்மண்ட் நிலக்கரியும் எஃகும் வளர்த்த ஊர். அங்கே தெற்குக் காலரியில் மட்டும் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நின்றுகொண்டே, குறைந்த விலையில் பார்க்கிறார்கள். ஒருசில கிளப்புகள் நீங்கலாக, ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுக் கால்பந்து விதி. ஜெர்மனி ஒன்றும் சோஷலிச நாடல்ல. அங்கும் முதலாளித்துவம்தான் ஆள்கிறது. முதலாளித்துவ நாட்டிலேயே இவ்வளவு கட்டுப்பாடு விதிக்க முடியுமென்றால், சமதர்மம் என்று அரசியல் சட்டத்தின் முகப்பிலே எழுதி வைத்திருக்கும் நாட்டில் ஏன் முடியாது?

இவர்களெல்லாம் டீக்கடையில் வாதாடியதோடு நிற்கவில்லை. சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் பலம் என்ன என்பதைத் திருச்சித் தொழிலாளிக்கா நாம் சொல்லவேண்டும்?

நாம் கேட்பது

சென்னை நேரு ஸ்டேடியமும் திருச்சி அண்ணா ஸ்டேடியமும் ஜனங்களின் வரிப்பணத்தில் நிற்பவை. ஆகவே நாம் தர்மம் கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம்.

பொது ஸ்டேடியத்தைத் தனியாருக்கு ஆட்டம் நடத்தக் கொடுத்தால், காலரியில் பாதி இடமாவது ஒரு நாள் கூலியில் கால் பங்குக்கு மேற்படாத விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடு!

ஆட்ட நேரத்தை விளம்பரக் கம்பெனி தீர்மானிப்பதை நிறுத்து! உழைப்பாளி வந்துபோகும் நேரத்தில் ஆட்டம் வை!

கிளப் நிர்வாகத்தில் ரசிகர் பிரதிநிதிகளைச் சேர்! வரவு செலவுக் கணக்கை வெளியிடு!

ரயில்வே மைதானங்களையும் நகராட்சித் திடல்களையும் விற்காதே, குத்தகைக்கு விடாதே! பெண்பிள்ளைகளும் ஆட அங்கே நேரமும் வசதியும் செய்து கொடு!

இவை சர்க்காரிடமும் கிளப்புகளிடமும் கேட்பவை. நம் கையில் உள்ள காரியமும் ஒன்று உண்டு. பொன்மலை, துவாக்குடி, மணச்சநல்லூர், லால்குடி, ஸ்ரீரங்கம் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர் சங்கமும் சேர்ந்து பந்தாட்டப் போட்டி நடத்தட்டும். மே தினத்துக்கு ஒன்று, செப்டம்பர் 5ம் நாள் பொன்மலைத் தியாகிகள் நினைவாக ஒன்று. உண்டியல் வசூலில் பந்து வாங்குவோம். அறுவடை முடிந்த வயலில் கோல் கம்பம் நடுவோம். வாசலில் கயிறு வேண்டாம், காலரி வேண்டாம், வரப்பு போதும். கூட்டம் வருகிறதா இல்லையா என்று அப்போது இந்தப் பெரிய மனிதர்கள் வந்து பார்க்கட்டும்.

டீக்கடையில் வாதாடும் தோழர்களே! விலையா, ஆட்டத்தின் தரமா என்று உங்களுக்குள் பிளவுபட்டு நின்றது போதும். விலையை ஏற்றியவனும், ஆட்டத்தை ஊரிலிருந்து பிடுங்கி டி.வி. பெட்டிக்குள் அடைத்தவனும், வேலை நேரத்தை 12 மணி ஆக்கப் பார்க்கிறவனும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். நாமும் ஒன்றாக நிற்போம்!

மைதானம் மக்களுடையது! அதை மக்களுக்கே மீட்போம்!